கல்லூரி வேண்டாம் என்று தோன்றும் முதல் வாரம்

கல்லூரியில் சேர்ந்த நாலாம் நாளே ‘இது நமக்குச் சரிப்பட்டு வராது’ என்று தோன்றுகிறதா? டி.சி. கேட்டு அலுவலக வாசலில் போய் நிற்பதற்கு முன்னால், என்ன சரிப்படவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாடமா, ஆங்கிலமா, பஸ்ஸா, பணமா, விடுதியா, வகுப்பில் பேச ஆள் இல்லாததா? எல்லாம் சேர்ந்து ஒரே பாரமாகத்தான் நெஞ்சை அழுத்தும். பிரித்து எழுதினால், ஒவ்வொன்றையும் கேட்க ஓர் ஆள் இருக்கிறார், ஓர் அலுவலகம் இருக்கிறது, ஒரு கெடு இருக்கிறது என்பது தெரியவரும். அந்தப் பட்டியலில் ஒன்றிரண்டுதான் படிப்பை நிறுத்தினால் தீரக்கூடியவை.

புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தயக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தொடங்குகிறது. பிளஸ் டூ வரை தமிழில் இயற்பியல் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவர், முதல் வகுப்பில் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பாடம் கேட்டதும் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொள்கிறார். முடுக்கம் என்று எழுதிக் கணக்குப் போட்டவருக்கு ஆக்சிலரேஷன் புதிய பாடம் அல்ல. முதல் செமஸ்டர் பாடங்களில் கணிசமான பகுதி பிளஸ் டூவில் படித்ததன் தொடர்ச்சிதான். பழைய தமிழ்ப் புத்தகத்தை விற்றுவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல் என்று அன்றன்றைக்கு எழுதி வாருங்கள். சொற்கள் பிடிபடச் சில வாரங்கள் போதும். ஒரு வாரம் போதாது.

அரசுக் கலைக் கல்லூரிகளில் பல இளங்கலைப் பாடங்கள் தமிழ் வழியிலும் நடக்கின்றன. உங்கள் பாடத்துக்கு அந்தப் பிரிவு இருக்கிறதா, அதில் இடம் இருக்கிறதா என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். இதில் வேலைவாய்ப்புக் கணக்கும் ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் வேலைகளுக்குப் பள்ளியும் தமிழ் வழியில் இருக்க வேண்டும், பட்டமும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். பள்ளி முழுவதும் தமிழில் படித்தவர், ஊரார் மெச்ச வேண்டும் என்று ஆங்கில வழிக்கு மாறினால் இந்த முன்னுரிமை கைவிட்டுப் போய்விடும். மாறுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

தயக்கம் மொழியால் மட்டும் வருவதில்லை. வகுப்பில் தான் உட்காருவதையே பிறர் விரும்பாத ஒரு மாணவி இந்த ஊரிலேயே இருந்தார். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இன்று மாமன்னர் கல்லூரி என்று அழைக்கப்படும் மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று மாணவர்களின் பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பை ஒதுக்கிவிட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அங்கே படித்து முடித்து 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 1912இல் டாக்டராக வெளியே வந்தார். 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவர். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் அவர் தொடங்கியது.

‘அவர் தாங்கினார், நீங்களும் தாங்குங்கள்’ என்று சொல்லத்தான் மேடைகளில் இந்த வரலாறு பயன்படுகிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. அவருடைய தந்தை நாராயணசாமி அய்யர் அதே கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அரண்மனையின் ஆதரவும் இருந்தது. அவருடைய துணிச்சலுக்குத் துணையாகக் கல்லூரிக்கு உள்ளே ஆட்கள் இருந்தார்கள். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைக்கு அப்படி யாரும் இல்லை. முதல் வாரம் இவ்வளவு கனப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஆகவே ஓர் ஆளைத் தேடிக்கொள்வதுதான் முதல் வேலை. வகுப்புப் பொறுப்பாசிரியராக இருக்கலாம். ஒரே பஸ்ஸில் வரும் மூன்றாமாண்டு அண்ணனாகவோ அக்காவாகவோ இருக்கலாம். விண்ணப்பம் வாங்கும் எழுத்தராகக்கூட இருக்கலாம். பெரிய பேச்சு எதுவும் தேவையில்லை. “சார், நான் ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து வர்றேன். எங்க வீட்ல நான்தான் முதல்ல காலேஜ் வர்றது. பாடம் பிடிபட மாட்டேங்குது, எதுல ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க சார்.” இவ்வளவுதான். இப்படிக் கேட்கும் மாணவரை ஆசிரியர் மறப்பதில்லை. முதலில் நீங்கள் அணுகியவர் முகம் கொடுக்கவில்லை என்றால் அடுத்தவரிடம் கேளுங்கள்.

பஸ்ஸும் பணமும் தீர்க்கக்கூடியவை. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம். முதல் வாரத்துச் செலவை மூன்று வருடத்தால் பெருக்கிப் பார்த்து மனம் ஒடிய வேண்டாம். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே முதலே கட்டணம் இல்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இரண்டிலும் மாதம் 1000 ரூபாய், படிக்கும் காலம் வரை. மணமேல்குடியிலிருந்தோ பொன்னமராவதியிலிருந்தோ தினமும் வந்துபோவது உடம்பை முறிக்கிறது என்றால், அரசு நல விடுதியில் இடம் கேளுங்கள். 2025இல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். விடுதி கிடைக்கவில்லை என்பதற்காகப் படிப்பை நிறுத்திய பிறகு இடம் காலியானால், அதனால் உங்களுக்குப் பயன் இல்லை.

அடுத்து, ‘காலேஜ் எதுக்கு, குரூப் ஃபோர் படிச்சா வேலைக்குப் போயிடலாமே’ என்ற எண்ணம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குரூப் ஃபோர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே தகுதி. அதற்காகப் படிப்பை விட வேண்டிய கட்டாயமே இல்லை. கிராம நிர்வாக அலுவலராக 21 வயது ஆக வேண்டும். அந்த வயதில் உங்கள் பட்டப்படிப்பே முடிந்திருக்கும். குரூப் டூ, குரூப் ஒன் இரண்டுக்கும் பட்டம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. பதினேழு வயதில் கல்லூரியை விட்டு, நாள் முழுதும் பயிற்சி மையத்தில் உட்கார்ந்து, இரண்டு தேர்வு தவறிய பிறகு கையில் பிளஸ் டூ சான்றிதழ் மட்டும் இருக்கும் நிலை எனக்குக் கவலை தருகிறது. கல்லூரியில் இருந்தபடியே காலையும் மாலையும் தேர்வுக்குப் படியுங்கள். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சிலர் சேர்ந்ததே வேறொன்றுக்காகக் காத்திருந்து. பி.எஸ்சி.யில் ஓர் இடத்தைப் பிடித்து வைத்துவிட்டு, பொறியியலோ வேளாண்மையோ நர்சிங்கோ கலந்தாய்வில் கிடைக்குமா என்று பார்ப்பவர்கள். இவர்களுடையது குழப்பம் அல்ல, காத்திருப்பு. இவர்கள் தேதிகளை மட்டும் தவறவிடக் கூடாது. கட்டணம் திருப்பித் தருவது பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதி இது: கல்லூரி அறிவித்த சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால், 5000 ரூபாய்க்கு மேற்படாத ஒரு சிறு பிடித்தம் போக முழுத் தொகையும் வர வேண்டும். கடைசி நாள் நெருங்கிய அந்த 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் தாண்டி 15 நாள் வரை 80, 16ஆம் நாள் முதல் 30ஆம் நாள் வரை 50. அப்புறம் ஒன்றும் இல்லை. 2024-25க்கு மானியக் குழு இன்னும் தாராளமாக, செப்டம்பர் 30 வரை முழுத் தொகை என்று அறிவித்தது. ஒவ்வோர் ஆண்டும் புதிய அறிவிப்பு வரக்கூடும் என்பதால் நடப்பு ஆண்டுக்கானதைப் பாருங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே 2018 அறிவிப்பில் இருக்கிறது. வேறிடம் உறுதியானதும் சீக்கிரம் எழுதிக் கொடுங்கள். காலியாகும் இடத்துக்கு இன்னொரு பிள்ளை காத்திருப்பார்.

அரசுக் கல்லூரியில் கட்டிய பணம் குறைவு. அங்கே முதல் இன்டர்னல் தேர்வு முடியும்வரை பொறுத்து முடிவெடுக்கலாம். சுயநிதிக் கல்லூரியில் பெருந்தொகை கட்டியிருந்தால் அவ்வளவு நாள் பொறுக்க முடியாது. சேர்க்கைக் கடைசி நாளை முதலில் விசாரித்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பாடம்தான் பிடிக்கவில்லை, கல்லூரி பிடித்திருக்கிறது என்றால் இன்னும் வேகம் வேண்டும்: வேறு துறையில் இடம் காலியாக இருந்து, சேர்க்கை முடியாமலும் இருந்தால்தான் மாறுதல் கிடைக்கும். அதை இந்த வாரமே கேளுங்கள்.

இரண்டு நிலைமைகளில் மட்டும் பொறுத்திருக்கச் சொல்ல மாட்டேன். ராகிங் நடந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1997 முதல் அது சட்டப்படி குற்றம். 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணில் எந்த நேரமும் புகார் செய்யலாம். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், உயிர் எதற்கு என்ற நினைப்பு வந்தால் உடனே 14416 என்ற மனநல உதவி எண்ணில் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அந்த நிலையில் படிப்பு இரண்டாம்பட்சம்.

எல்லாம் பார்த்த பிறகும் விலகுவதுதான் சரி என்றால், தயங்காமல் விலகலாம். ஐ.டி.ஐ.யில் ஒரு தொழிலைக் கற்க விரும்பும் பிள்ளையைப் பிடிக்காத பட்டப்படிப்பில் மூன்று வருடம் உட்கார வைப்பது நல்லதல்ல. வீட்டில் சொல்வதுதான் கடினம். 1990களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, வயலிலும் கல்குவாரியிலும் வேலை பார்த்த பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தும் சைக்கிளும் சேர்த்தே கற்றார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இன்று கல்லூரிக்கு வருகிறார்கள். கையெழுத்துப் போடவே அவ்வளவு பாடுபட்ட வீட்டில் ‘எனக்குப் பிடிக்கலை’ என்று மட்டும் சொன்னால் மனம் உடைந்துதான் போவார்கள். அடுத்தது என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “அப்பா, இந்தப் படிப்பு எனக்கு வரலை. ஐ.டி.ஐ.ல எலக்ட்ரீஷியன் சேரலாம்னு இருக்கேன். இடம் இருக்கான்னு நேர்ல போய்க் கேட்டுட்டு வந்துட்டேன். நீங்களும் ஒரு தடவை வந்து பாருங்கப்பா.”

அதற்குப் பிறகு வருவது தாள் வேலை. புதிய இடத்தில் சேர்க்கை உறுதியாகாமல் பழைய இடத்தில் பெயரை நீக்கச் சொல்லாதீர்கள். விலகல் கடிதத்தை முதல்வர் பெயருக்கு இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் பெற்றுக்கொண்ட தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தில் எத்தனை சதவீதம் திரும்பி வரும் என்பது அந்தத் தேதியைப் பொறுத்தது. டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று என்று கொடுத்த ஒவ்வொன்றையும் எண்ணி வாங்குங்கள். உதவித்தொகைக்குக் கொடுத்த வங்கிக் கணக்கை மூட வேண்டாம். அடுத்த கல்லூரிக்கும் அதே கணக்கு போதும்.