ரீசார்ஜ் ரசீதும் படிவம் 30-ம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. பொங்கலுக்கு வந்திருந்தபோது திண்ணையில் எம்.எல்.ஏ.வைப் பற்றிப் பேச்சு வந்ததே, நினைவிருக்கிறதா? "நான் இன்னும் சம்பாதிக்கவே இல்லை, வரியும் கட்டலை. எந்த உரிமையில மாமா நான் கணக்குக் கேக்கிறது?" என்றாய். கரும்பு வெட்டுகிற மும்முரத்தில் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது அப்படியே உறுத்திக்கொண்டு கிடந்தது.

நீ போனுக்கு 299 ரூபாய் ரீசார்ஜ் போடுகிறாய். அதற்குள்ளேயே 18 சதவீத ஜி.எஸ்.டி. ஒளிந்திருக்கிறது. பேனாவை எடு. 299-ஐ 1.18-ஆல் வகு. 253 ரூபாய் 39 காசு வரும். கம்பெனிக்குப் போவது அவ்வளவுதான். மீதி 45 ரூபாய் 61 காசு வரி. பாதி டெல்லிக்கு, பாதி சென்னைக்கு. (299-க்கே 18 சதவீதம் போட்டு 53 ரூபாய் 82 காசு என்று சொல்கிறவர்கள் உண்டு. வரி ஏற்கெனவே சேர்ந்த விலைக்கு மறுபடியும் வரி போடுகிற கணக்கு அது.) 28 நாள் பிளான் என்றால் வருஷத்துக்கு 13 தடவை போட்டாக வேண்டும். ஒரு போனுக்கே 593 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது. சோப்பு, ஷாம்பு, ஹாஸ்டலுக்கு வெளியே தின்கிற பரோட்டா எல்லாம் தனி.

இப்போது சொல், நீ வரி கட்டவில்லையா?

இதே 45 ரூபாய் 61 காசைத்தான் மில் முதலாளியும் கட்டுகிறார், அந்த மில்லைக் கூட்டுகிற அம்மாவும் கட்டுகிறார். அவருக்கு அது சில்லறை, இந்த அம்மாவுக்கு அன்றைக்குக் காய்கறி வாங்குகிற காசு. வருமான வரி அப்படி இல்லை, வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும். புதிய முறையில், வருஷத்துக்கு 12 லட்சம் வரை சம்பளம் வாங்குகிறவர் வருமான வரி கட்ட வேண்டியதே இல்லை. ரீசார்ஜில் இல்லாதவருக்கென்று ஒரு விலக்கும் கிடையாது.

பொருள் மேல் வரியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ரேஷன் அரிசியும் பள்ளிக்கூடத்துக் காலை உணவும் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. எனக்குக் கவலை வேறு. விலைக்குள் மறைந்திருக்கிற வரியைக் கட்டுகிறவருக்குக் கட்டுகிறோம் என்பதே தெரிவதில்லை. தெரியாதவர் கேட்கமாட்டார். திண்ணையில் நீ கேட்ட கேள்வியே அதற்குச் சாட்சி.

விகிதமும் வானத்திலிருந்து விழுவதில்லை. ஜி.எஸ்.டி. கவுன்சில் என்று ஒன்று இருக்கிறது. மத்திய நிதியமைச்சரோடு மாநில அமைச்சர்களும் அதில் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், டூத் பேஸ்ட், சோப்பு எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. அப்படியானால் எட்டு வருஷம் 18 என்று இருந்ததும் மனிதர்கள் எடுத்த முடிவுதானே? அதை எடுத்தவர்கள் நம் ஓட்டில் போனவர்கள்.

நம்மிடம் வரி இப்படி மறைந்திருக்கிறது. ஆள்கிறவர்களுக்கு அது எப்படி மறைந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் 1981-ல், வி.பி. சிங் முதலமைச்சராக இருந்தபோது, ஒரு சட்டம் போட்டார்கள். முதலமைச்சர், அமைச்சர்களின் சம்பளத்துக்கு வருகிற வருமான வரியை அரசுக் கஜானாவே கட்டிவிடும். பலர் ஏழைக் குடும்பத்துக்காரர்கள், சொற்பச் சம்பளத்தில் வரி கட்ட முடியாது என்று அப்போது காரணம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் காலம் மாறியும் சட்டம் மாறவில்லை. முலாயம் சிங், கல்யாண் சிங், மாயாவதி, அகிலேஷ், யோகி ஆதித்யநாத் என்று கட்சி மாறி மாறி ஆட்சிக்கு வந்தார்கள். 2019 வரை ஒருவரும் அதில் கை வைக்கவில்லை. 2012-ல் மாநிலங்களவைத் தேர்தலுக்கு மாயாவதி தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் சொத்து 111 கோடி. 2019-ல் அகிலேஷ், மனைவி சொத்தையும் சேர்த்து, காட்டியது 37 கோடி. ஏழை அமைச்சர்கள்!

2019 செப்டம்பரில் பத்திரிகையில் செய்தி வந்தது. சில நாளிலேயே, இனி அவரவர் வரியை அவரவரே கட்டுவார்கள் என்று அரசு அறிவித்துவிட்டது. போராட்டம் இல்லை, வழக்கு இல்லை. யாரோ ஒருவர் பழைய சட்டத்தை எடுத்துப் படித்தார், அவ்வளவுதான். மத்தியப் பிரதேசத்தில் இதே ஏற்பாடு 1972-லிருந்து இருந்தது. 2024 ஜூனில்தான் கைவிட்டார்கள்.

பிரமாணப் பத்திரம் என்றேனே, அது உனக்கும் கிடைக்கும். படிவம் 26 என்று பேர். வேட்பாளரின் சொத்து, கடன், வழக்குகள், ஐந்து வருஷத்து வருமானக் கணக்கு எல்லாம் அதில் வரும். தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே பார்க்கலாம். நம் எம்.எல்.ஏ.வினுடையதைப் போன தேர்தலில் கொடுத்ததோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. சொத்து கூடியிருந்தால் உடனே திருடன் என்று முடிவுகட்டிவிடாதே. பைபாஸ் வந்தால் நம் வீட்டு மனைக்கும்தான் மதிப்பு ஏறும். எப்படிக் கூடியது என்று கேட்கலாம். 'எல்லாரும் திருடனுங்க' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறவரைப் பார்த்து எந்த அரசியல்வாதியும் பயந்ததில்லை.

உன் கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. சில வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊராட்சி ஒன்றில் கிராம சபைக்குப் போயிருந்தேன். சாமியானா, பிளாஸ்டிக் சேர், வந்தவர்களுக்கு டீ. கூட்டம் தொடங்குவதற்கு முன்பே தீர்மான நோட்டு வரிசையாகக் கைமாறிக்கொண்டிருந்தது. பக்கம் முழுக்க வெள்ளை, கீழே மட்டும் கையெழுத்துகள். நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு பாட்டியிடம் நோட்டும் மைப்பெட்டியும் வந்தன. அவர் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். "கணக்க மொதல்ல படிங்கப்பா. ரேகை எங்க போயிடப் போகுது?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். ஆனால் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு இருக்கிற படிவம் 30-ஐ எடுத்து வாசிக்க வேண்டியதாகிவிட்டது. தெருவிளக்குச் செலவு வந்ததும், எங்கள் தெருவில் இரண்டு கம்பத்தில் பல்பே இல்லையே என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்குப் பிறகு டீ ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

அந்தப் பாட்டி எவ்வளவு வரி கட்டினார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. கட்டிய தொகைக்குத் தகுந்த குரல் என்றால் மில் முதலாளி மட்டும்தான் பேச முடியும். வாக்காளர் பட்டியலில் பாட்டியின் பேர் இருந்தது, அது போதும். உன் பேரும் போன வருஷமே ஏறிவிட்டது.

அடுத்த கிராம சபை மே 1. பரீட்சை முடிந்திருக்கும். முந்தின நாள் ராத்திரி பஸ் ஏறினால் விடிய வந்துவிடலாம் என்று அம்மா சொன்னாள். படிவம் 30-ஐத் தரமாட்டேன் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த மனு எப்படி எழுதுவது என்று நேரில் காட்டுகிறேன். எத்தனை மணி பஸ் என்று மட்டும் போன் பண்ணு, வண்டியோடு ஸ்டாண்டில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
மாமா