எனக்கு 2 நொடி, அவங்களுக்கு டைம்அவுட்

இந்த வார எபிசோடில் ஸ்டோர்ட் ப்ரொசீஜர் பற்றிப் பேசும்போது, "இதைக் காதால கேட்டா புரியாது, எழுதித் தர்றேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அந்தக் கடனை இங்கே அடைக்கிறேன்.

டொராண்டோவில் நான் முன்பு வேலை பார்த்த இடம், மருத்துவமனைகளுக்கும் சின்னச் சின்ன கிளினிக்குகளுக்கும் மருந்துப் பொருள் அனுப்பும் கம்பெனி. ஒரு பனிக்காலக் காலை 7 மணிக்கு போன். பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு ஆர்டர் ஸ்கிரீன் திறக்கவே மாட்டேங்குது, 30 நொடியில் டைம்அவுட். கிடங்கில் வண்டிகள் காத்து நிற்கின்றன. அதே ப்ரொசீஜரை, அதே கஸ்டமர் நம்பரோடு, என் எஸ்.எஸ்.எம்.எஸ்-ல் ஓட்டினால் 2 நொடி!

முதலில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. க்வெரி உண்மையிலேயே ஓடுதா, இல்ல வேறு யாரோட லாக்குக்காகவோ வரிசையில் நிற்குதா? 'சிஸ் டி.எம். எக்ஸெக் ரிக்வெஸ்ட்ஸ்' வியூவில் பிளாக்கிங் செஷன் ஐ.டி. பூஜ்யம். யாரும் வழிமறிக்கவில்லை. இதுவரைக்கும் சரியாகத்தான் போனேன். அதுக்கப்புறம்தான் சொதப்பல்.

இண்டெக்ஸில் ஃப்ராக்மென்டேஷன் அதிகமாக இருந்தது. ரீபில்ட் செய்தேன், உடனே ஸ்கிரீன் திறந்தது. "காரணம் ஃப்ராக்மென்டேஷன், சரிசெய்தாச்சு" என்று மேனேஜருக்கு ரிப்போர்ட்டும் எழுதிவிட்டேன். 9 நாள் கழித்து, அதே நேரம், அதே போன்.

உண்மையான காரணம் பாராமீட்டர் ஸ்னிஃபிங். எஸ்.க்யூ.எல். சர்வர் ஒரு ப்ரொசீஜரை முதல்முறை ஓட்டும்போது வந்த மதிப்பைப் பார்த்து, அதற்கேற்ற ப்ளானைப் போட்டு கேஷில் வைத்துக்கொள்ளும். அடுத்து யார் வந்தாலும் அதே ப்ளான்தான். மளிகைக் கடையில் முதல் ஆள் 100 கிராம் சீரகம் கேட்டால், கடைக்காரர் உள்ளே நடந்துபோய் எடுத்து வருவார், அது சரி. அடுத்து கல்யாண வீட்டு லிஸ்ட் வந்தாலும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனித்தனியா நடந்தா? ப்ளானில் 'கீ லுக்அப்' என்று தெரிவது இந்த நடைதான். எங்கள் கிளினிக் ஒன்றுக்கு 12 வரி. அந்த மருத்துவமனைக்கு 3,80,000 வரி.

இரவில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அப்டேட் ஆனதும் பழைய ப்ளான் செல்லாது. காலையில் முதலில் யார் வருகிறார்களோ, அவர்கள் அளவுக்குப் புது ப்ளான். வழக்கமாக மருத்துவமனைதான் முதலில் வரும். அந்த இரண்டு நாளும் ஏதோ ஒரு கிளினிக் முந்திவிட்டது. என் ரீபில்ட், ஸ்டாட்டிஸ்டிக்ஸையும் சேர்த்துப் புதுப்பித்ததால் கெட்ட ப்ளான் போனது, அவ்வளவுதான். "சர்வரை ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் கதை என்பது என் சந்தேகம்.

சரி, எஸ்.எஸ்.எம்.எஸ்-ல் மட்டும் ஏன் வேகம்? அங்கே 'அரித்அபார்ட்' என்ற செட்டிங் இயல்பாகவே ஆன். டாட்நெட் அப்ளிகேஷனில் ஆஃப். செட்டிங் வேறானால் கேஷில் ப்ளானும் வேறு. நான் ஓட்டியது வேற ப்ளான்! முதலில் 'செட் அரித்அபார்ட் ஆஃப்' போட்டுவிட்டு ஓட்டுங்கள், அவங்க படுற பாடு உங்களுக்கும் கிடைக்கும். அப்புறம் ஆக்சுவல் ப்ளானில் இடது ஓரத்து செலக்ட் மேல் ரைட் க்ளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் பாராமீட்டர் லிஸ்டைப் பாருங்கள். கம்பைல்ட் வேல்யூ ஒரு கிளினிக், ரன்டைம் வேல்யூ மருத்துவமனை. எதிர்பார்த்த வரிகள் 12, வந்தது 3,80,000. அதைப் பார்த்த நிமிஷம் வயிறு கலங்கியது, ரிப்போர்ட் நினைவுக்கு வந்ததால்.

வைத்தியம்? அந்த ஒரு ஸ்டேட்மென்ட்டின் கடைசியில் 'ஆப்ஷன் ரீகம்பைல்' சேர்த்தால் ஒவ்வொரு முறையும் புது ப்ளான். நாளைக்குச் சில நூறு தடவை ஓடுவதற்குச் சரி. நொடிக்குச் சில நூறு என்றால் சி.பி.யு. அழும். 'ஆப்டிமைஸ் ஃபார் அன்நோன்' சராசரியைப் பிடித்துக்கொள்ளும். எங்க டேட்டாவில் சராசரி கஸ்டமர் என்று யாருமே இல்லையே. அன்று அவசரத்துக்கு ரீகம்பைல் போட்டேன். அந்த வார இறுதியில், ஸ்கிரீனுக்கு வேண்டிய 5 காலம்களையும் இண்டெக்ஸில் 'இன்க்ளூட்' செய்தேன். லுக்அப்பே இல்லாமல் போனதால், யார் முதலில் வந்தாலும் ஒன்றுதான். ரீகம்பைலை எடுத்துவிட்டேன்.

திருத்திய ரிப்போர்ட்டை அனுப்பினேன். மேனேஜர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்போ அந்த ரீபில்ட்?" தற்செயல்னு ஒத்துக்கிட்டேன்.

2016 வெர்ஷனிலிருந்து க்வெரி ஸ்டோர் இருக்கிறது. நேற்றைய ப்ளானையும் இன்றைய ப்ளானையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், நல்லதை ஃபோர்ஸ் செய்யலாம். 2022 வெர்ஷன், ஒரே க்வெரிக்கு அளவுக்கேற்ப ஒன்றுக்கு மேற்பட்ட ப்ளான் வைத்துக்கொள்ளும். ஆனா டேட்டாபேஸின் கம்பாட்டிபிலிட்டி லெவல் 160-ல் இருக்கணும். சர்வரை மட்டும் அப்கிரேட் செய்துவிட்டு இதை மாற்ற மறந்த இடங்களை நானே இரண்டு பார்த்திருக்கிறேன். அடுத்த எபிசோடில் அந்த பிளாக்கிங் பக்கம் போகலாம்.