இடுப்புக்கு ஏற்ற துப்பாக்கி



மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். செஞ்சியில் நெல்லும் மணிலாவும் மொத்த வியாபாரம் செய்துவரும் நமக்கு அறுவடைக் காலத்தில் அந்தப் பயம் பழக்கமான ஒன்று. செல்போனில் பணம் அனுப்பும் வசதி வந்தபின் கனம் குறைந்திருக்கிறதே தவிர, அறவே போய்விடவில்லை. ஆகவே கைத்துப்பாக்கி லைசென்சுக்கு மனுச் செய்ய எண்ணும் அன்பர்கள் சிலர் நம்மிடம் வருகிறார்கள். விலை என்ன, எந்த ரகம் என்று கேட்கிறார்களே ஒழிய, தம் உடம்புக்கு அது ஒத்து வருமா என்று கேட்பதில்லை. நாமும் அப்படிக் கேட்காமல் வாங்கிப் பட்டவர்தாம்.

முதலில் சட்டம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உடம்போடு பொருத்திய உறையிலோ அதற்குத் தக்க பையிலோ வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அது முழுவதும் மூடியிருக்க வேண்டும். நம் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். பிடி வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு கடைவீதியில் நடப்பது கௌரவமல்ல, விதிமீறல். லைசென்ஸ் நிபந்தனையின்படி திருவிழாக் கூட்டத்துக்கும் பள்ளி வளாகத்துக்கும் தனி அனுமதியின்றிக் கொண்டுபோகக் கூடாது. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

9 மி.மீ. ரகம் நம் போன்றோருக்குத் தடை. பெரும்பாலோர் வாங்குவது .32 ரகம். 2014இல் கான்பூரிலிருந்து வந்த 'நிர்பீக்' ரிவால்வர் ஆறு தோட்டா கொள்ளும். எடை அரைக் கிலோ. விலை அப்போதே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். முழு எஃகு ரிவால்வர் இதைவிடக் கனம். அரைக் கிலோதானே என்று நினைக்க வேண்டாம். கடையிலிருந்து அரைக் கிலோ துவரம்பருப்புப் பொட்டலம் ஒன்றை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்து, எழுந்து, மூட்டை புரட்டிப் பாருங்கள். செலவில்லாத பரீட்சை.

நாம் அந்தப் பரீட்சை செய்யவில்லை. வேட்டியின்மேல் பச்சை பெல்ட் கட்டி, அதில் உறையை மாட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினோம். இறங்கும்போது பெல்ட் சரிந்து, துப்பாக்கி தொடைக்கு வந்துவிட்டது. ஒரு கையில் பணப்பை, மறு கையில் வேட்டி, முன்னால் பள்ளிப் பிள்ளைகள். விபரீதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று இரவு தூக்கமில்லை. துணி பெல்ட்டும் வேட்டி முடிச்சும் இந்தக் கனத்தைத் தாங்கா. கால்சட்டையும் தடித்த தோல் பெல்ட்டும் இல்லாதவர் இடுப்பில் வைக்கும் எண்ணத்தை விட்டுவிடலாம்.

நம்மில் தொந்தி உள்ளவர்கள் அதிகம். முன்பக்கம் வைத்தால் உட்காரும்போது குழல் தொடையில் அழுத்தும். வயிறு பிடியை மறைத்துக்கொள்வதால் கை போகாது. முதுகுப் பக்கம் தள்ளி வைத்தால், மூட்டைக்குக் குனியும்போது சட்டை மேலேறி எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு இடுப்பு எலும்பின்மேல், நேர் பக்கவாட்டில் வைப்பதே ஓரளவு சரி. ஒல்லியானவர்களுக்கு வேறு தொல்லை. ரிவால்வரின் தோட்டா உருளை சட்டைக்கு மேலே புடைத்துக் காட்டும். தட்டையான பிஸ்டலும் ஒரு அளவு பெரிய சட்டையும் அவர்களுக்கு நல்லது. கக்கத்தில் மாட்டும் உறை சினிமாவில் அழகு. மேலே கோட்டுப் போடாதவருக்குப் பயனில்லை.

உடம்பைவிடக் கை முக்கியம். பிஸ்டலின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்க நல்ல பலம் வேண்டும். ரிவால்வரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சுத்தியலை முன்பே பின்னுக்கு இழுத்து வைக்காவிட்டால் விசை கடினமாக இருக்கும். நம் வயதில் விரல் மூட்டு வலி உள்ளவர்கள் ஆயுதக் கடையிலேயே, தோட்டா இல்லை என்று விற்பவரும் தாமும் பார்த்தபின், இரண்டையும் இயக்கிப் பார்த்து வாங்குவது உத்தமம். பிடியை முறையாகப் பற்றியபடியே சுட்டுவிரல் விசையை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

உறை விசையை முழுவதும் மூட வேண்டும். சாவிக்கொத்தோடு ஜேபியில் போடுவது கூடவே கூடாது. கைப்பையில் வைக்கும் பெண் வணிகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் பையைப் பறிப்பவன் துப்பாக்கியையும் சேர்த்தே கொண்டுபோவான். அப்படிப் போனால் உடனே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

திண்டிவனம் பயணத்துக்குப் பின் நாம் அதை வழியில் கொண்டுபோவதில்லை. வீட்டு இரும்புப் பெட்டியில், தோட்டாக்கள் தனியே இருக்க, பூட்டி வைத்திருக்கிறோம். பெருந்தொகையை வங்கி மூலம் அனுப்புகிறோம். ரொக்கமாகவே கொண்டுபோக வேண்டிய நாளில் பையன் ஒருவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, இருட்டுமுன் திரும்பிவிடுகிறோம்.