அந்த ஆய்வில் நம்மவர் இருக்கிறாரா?

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கிளைம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாலிசியைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்கள் முதல் பக்கத்தில் உள்ள தொகையைக் காட்டுவார்கள். நான் பின்பக்கத்து நிபந்தனைகளைத்தான் முதலில் படிப்பேன். என் மனைவிக்குச் சிறுகுடலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி, கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தப் பழக்கம் நன்றாகக் கைகொடுத்தது. எந்த மருத்துவ ஆய்வின் முடிவு கையில் கிடைத்தாலும், மாதக் கணக்குக்கும் சதவீதத்துக்கும் போகுமுன் அதில் யாரைச் சேர்த்தார்கள், யாரைச் சேர்க்கவில்லை என்று பார்த்துவிடுவேன்.

இந்த நோயில் அது கட்டாயம். கணையத்தில் வரும் கட்டி ஒரு மாதிரி, சிறுகுடலில் வருவது ஒரு மாதிரி, நுரையீரலில் வருவது இன்னொரு மாதிரி. சில கட்டிகள் ஹார்மோனைச் சுரந்து ஆளைப் படுத்தி எடுக்கும். சில சத்தமே இல்லாமல் கிடக்கும். என் மனைவிக்கு முகம் குப்பென்று சிவந்து சுடும், வயிற்றுப்போக்கு நிற்கவே நிற்காது. மாதவிடாய் நிற்கிற வயசு என்றார் ஒரு டாக்டர். குடல் எரிச்சல் என்றார் இன்னொருவர். அப்படியே வருடங்கள் ஓடின. வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில்தான் கல்லீரலில் புள்ளிகள் தெரிந்தன.

நோயின் பெயரைச் சொன்னதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "நடிகர் இர்ஃபான் கானுக்கு வந்ததுதானே?" அவர் 2018 மார்ச்சில் நோயை வெளியே சொன்னார், 2020 ஏப்ரலில் காலமானார். கொஞ்சம் படித்தவர்கள் ஸ்டீவ் ஜாப்ஸைச் சொன்னார்கள். அவருக்குக் கணையத்தில், 2003இல் கண்டுபிடித்தார்கள். பெயர் ஒன்று என்பதற்காக அவர்கள் கதையை இவள் தலையில் ஏற்றுவதில் அர்த்தமில்லை என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன்.

நான் செய்த உருப்படியான காரியம், ஒரு நோட்டில் மூன்று விஷயங்களைக் குறித்து வைத்தது. கட்டி முதலில் தோன்றிய இடம். பயாப்சி ரிப்போர்ட்டில் உள்ள கேஐ-67 என்ற எண். செல்கள் எத்தனை சதவீதம் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று அது சொல்லும். 3க்குக் கீழே இருந்தால் முதல் தரம், 20 வரை இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம். இவளுக்கு 4. மூன்றாவது, கட்டியின் மேல் சோமாடோஸ்டாட்டின் என்ற ஹார்மோனுக்கான ஏற்பிகள் இருக்கின்றனவா என்பது. அதை டோட்டாடேட் பெட் ஸ்கேன் காட்டிவிடும். இந்த நோய்க்கான பெரிய ஆய்வுகளில் யார் உள்ளே, யார் வெளியே என்பதைப் பெரும்பாலும் இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. பயாப்சி ரிப்போர்ட்டில் கேஐ-67 இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். விட்டுவிடாதீர்கள்.

உதாரணத்துக்கு, மாதம் ஒரு ஊசியாகப் போடும் லான்ரியோடைட். அதைப் பெரிய மருந்தாக்கியது 2014இல் வெளியான கிளாரினெட் ஆய்வு. 204 பேர், பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் ஊசி. மருந்து போட்டவர்களுக்கு நோய் முன்னேறுவது நன்றாகத் தள்ளிப்போனது. பெங்களூரில் இருக்கும் மகன் அதைத்தான் முதலில் அனுப்பினான். நிபந்தனையைப் படித்தேன்: ஹார்மோன் தொந்தரவு தராத கட்டிகளையே எடுத்திருக்கிறார்கள். நாளுக்குப் பத்துத் தடவை முகம் சிவக்கிற என் மனைவியை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அதற்கு முன் ஜெர்மனியில் நடந்து 2009இல் வெளியான ப்ரோமிட் ஆய்வு சிறியது, 85 பேர்தான். ஆனால் அது சிறுகுடல் பக்கத்துக் கட்டிகள், ஹார்மோன் தொந்தரவு உள்ளவர்களும் உண்டு. ஆக்ட்ரியோடைட் ஊசி போட்டவர்களுக்கு நோய் முன்னேற 14.3 மாதம், போடாதவர்களுக்கு 6 மாதம். எங்களுக்குச் சொந்தமான ஆய்வு அதுதான். டாக்டரும் ஆக்ட்ரியோடைட்டைத்தான் எழுதினார்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்கிறேன். வெறும் ஊசி அல்லது வெறும் மாத்திரை வாங்கிய குழுவின் எண்ணை முதலில் பாருங்கள். கிளாரினெட்டில் மருந்தே இல்லாதவர்களுக்குக்கூட நோய் முன்னேற 18 மாதம் ஆகியிருக்கிறது. அண்மையில் கேபினெட் என்ற ஆய்வில் கேபோசான்டினிப் மாத்திரையைச் சோதித்தார்கள். கணையத்துக்கு வெளியே கட்டி உள்ளவர்களில் வெறும் மாத்திரைக் குழுவுக்கு 3.9 மாதம், மருந்துக் குழுவுக்கு 8.4 மாதம். ஒரே நோய்க் குடும்பம், ஒன்றில் 18, ஒன்றில் 3.9. எப்படி? கிளாரினெட்டுக்கு வந்தவர்களில் அநேகமாக எல்லாருக்கும் அப்போது நோய் அசையாமல் இருந்தது. கேபினெட்டுக்கு வந்தவர்கள் வேறு சிகிச்சைகள் பார்த்து, அதையும் மீறி நோய் வளர்ந்தவர்கள். "18 மாதம் கிடைக்கிற இடத்தில் 8 மாத மருந்து எதுக்கு?" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். இரண்டு ஆய்வுகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இப்படிக் கணக்குப் போடவே கூடாது. ஒரு ஆய்வுக்குள்ளே இரண்டு குழுக்களுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கணக்கு.

கொஞ்ச காலம் கழித்து ஊசியை மீறி இவளுக்குக் கட்டி வளர ஆரம்பித்தது. அப்போது லுட்டீஷியம் சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தது. ஏற்பியில் போய் ஒட்டும் மருந்தோடு கதிரியக்க லுட்டீஷியத்தைக் கட்டி நரம்பு வழியாக ஏற்றுவார்கள். கட்டி இருக்கிற இடம் தேடிப் போய் அது உட்காரும். ரோட்டர்டாமில் பல வருடம் செய்து பார்த்த முறை. 2017இல் வெளியான நெட்டர்-1 ஆய்வுதான் அதற்கு உறுதியான சான்று. 229 பேர், சிறுகுடல் பக்கத்துக் கட்டி, ஆக்ட்ரியோடைட்டை மீறி வளர்ந்தது, ஏற்பிகள் உள்ளது, முதல் இரண்டு தரம். நிபந்தனைகளை வரி வரியாக நோட்டோடு ஒத்துப் பார்த்தேன். எல்லாம் பொருந்தியது. 20 மாதம் ஆனபோது நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் லுட்டீஷியம் குழுவில் 65.2 சதவீதம், ஆக்ட்ரியோடைட் ஊசியை இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டவர்களில் 10.8 சதவீதம்.

ஆனால் அதே ஆய்வில் கட்டி கண்ணுக்குத் தெரியச் சுருங்கியது 18 சதவீதம் பேருக்குத்தான். இதைச் சொன்னதும் என் மனைவி கேட்டாள்: "சுருங்கலைன்னா எதுக்குங்க இவ்வளவு பாடு?" அதை டாக்டரிடமே கேட்கச் சொன்னேன். அவர் சிரித்தபடி, "அது அங்கேயே சும்மா கிடந்தா நமக்குப் போதும்மா" என்றார். இந்த நோய்க்காரர்கள் பழகிக்கொள்ள வேண்டிய வாக்கியம்.

ஆயுள் எவ்வளவு கூடியது என்று கேட்பவர்களுக்கு: கடைசிக் கணக்கு 2021இல் வந்தது. லுட்டீஷியம் குழுவுக்கு 48 மாதம், மற்றவர்களுக்கு 36.3 மாதம், இருந்தும் புள்ளியியல் கணக்குப்படி அது உறுதியான வித்தியாசம் இல்லை என்று எழுதினார்கள். ஒரு காரணம், நோய் முன்னேறிய பிறகு ஒப்பீட்டுக் குழுவில் 36 சதவீதம் பேர் அவர்களும் இந்தக் கதிரியக்கச் சிகிச்சைக்கே போய்விட்டார்கள். நோயாளிக்கு அது நியாயம், கணக்குக்குத்தான் சிக்கல். "ஆயுள் கூடவில்லை" என்று யாராவது ஒரு வரியில் சொன்னால், குழு மாறினார்களா என்று திருப்பிக் கேளுங்கள்.

ஸ்கேன் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். எங்கள் வீட்டில் அதிகமாகக் கண்ணீர் சிந்தியது அங்கேதான். முதலில் எடுத்தது சாதாரண சி.டி. பிறகு டோட்டாடேட் பெட் ஸ்கேன் எடுத்தபோது எலும்பிலும் நிணநீர் முடிச்சுகளிலும் புள்ளிகள் மின்னின. ஒரே மாதத்தில் உடம்பெல்லாம் பரவிவிட்டதாக இவள் முடிவுகட்டி, சாப்பாட்டையே குறைத்துவிட்டாள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தார் 131 நோயாளிகளை வைத்து 2016இல் வெளியிட்ட ஆய்வு அன்று பெரிய உதவி: அவர்களிடம் இருந்த கட்டிகளில் கேலியம் டோட்டாடேட் ஸ்கேன் 95.1 சதவீதத்தைக் கண்டுபிடித்தது, சி.டி., எம்.ஆர்.ஐ. 45.3 சதவீதம், பழைய ஆக்ட்ரியோஸ்கேன் 30.9 சதவீதம்தான். இவளுக்கு அந்தப் புள்ளிகள் முன்பே இருந்திருக்கின்றன, சி.டி.க்குத்தான் தெரியவில்லை. நோய் வளர்ந்ததா என்று பார்க்க ஒரு வகை ஸ்கேனை முன்பு எடுத்த அதே வகை ஸ்கேனோடுதான் ஒப்பிட வேண்டும். ஆய்வுகளிலும் அப்படித்தான், பெரும்பாலும் சி.டி.யில் அளவெடுத்து, கூட்டுத்தொகை 20 சதவீதம் கூடினால் முன்னேற்றம் என்பார்கள். முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள குறுந்தகட்டையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். எந்த ஆய்வில் சேர்வதானாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

டோட்டாடேட் ஸ்கேனில் மண்ணீரல் பிரகாசமாக எரியும், பயப்பட வேண்டாம், அது இயல்பு. கணையத்தின் தலைப்பகுதியிலும் சிலருக்கு லேசாகத் தெரியும். அதைப் புதுக் கட்டி என்று எழுதிவிட்டால் அனுபவமுள்ள இன்னொருவரிடம் காட்டுங்கள். இந்த ஸ்கேனுக்காக ஏற்றும் கேலியம்-68 பாதியாகக் கரைய 68 நிமிடம்தான் ஆகும் என்பதால், "சார், சீக்கிரம் வாங்க" என்று ஸ்கேன் எடுக்குமிடத்தில் அவசரப்படுத்துவதில் நியாயம் இருக்கிறது. மாத ஊசி போடுகிறவர்கள் அடுத்த ஊசிக்குச் சற்று முன்பாக ஸ்கேன் தேதியைக் கேளுங்கள்.

இரத்தப் பரிசோதனையில் ஒரு பொறி உண்டு. குரோமோகிரானின்-ஏ என்ற அளவைக் கேட்பார்கள். வயிற்றெரிச்சலுக்கு நம் வீடுகளில் மிட்டாய் மாதிரி விழுங்குகிற பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் அதைத் தாறுமாறாக ஏற்றிவிடும். டாக்டரிடம் சொல்லி, அவர் சொன்னால் நிறுத்திவிட்டுப் போங்கள். 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனைக்கு முன் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய் வேண்டாம் என்பார்கள். சாம்பாரில் எதைப் போடுவது என்று இவள் திண்டாடினாள், முருங்கைக்காய் கைகொடுத்தது.

இனி ஆய்வில் சேர்வது. இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளைப் பதிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் பதிவேடு 2007 முதல் இருக்கிறது, சி.டி.ஆர்.ஐ. என்பார்கள். யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. ட்யூமர் என்பதை ஆங்கிலத்தில் இருவிதமாக எழுதுவதால், நியூரோஎண்டோகிரைன் என்ற சொல்லை மட்டும் போட்டுத் தேடுங்கள். யாரைச் சேர்ப்பார்கள், எந்த ஊர், ஆள் எடுப்பது முடிந்துவிட்டதா, நெறிமுறைக் குழு அனுமதித்ததா, எல்லாம் அதில் இருக்கும். உங்களைக் கூப்பிடும் ஆய்வு அதில் இல்லையென்றால் பதிவு எண்ணைக் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

டாக்டர்கள் தாமாகச் சொல்லாத ஒன்று: சிகிச்சைகளின் வரிசை. நெட்டர்-1இலும், வேகமாக வளரும் கட்டிகளுக்கு முதல் சிகிச்சையாகவே லுட்டீஷியத்தைச் சோதித்த நெட்டர்-2இலும் முன்பே அந்தச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு இடமில்லை. ஆக்டினியம்-225 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருளைச் சோதிக்கும் ஆக்ஷன்-1 ஆய்வோ லுட்டீஷியம் எடுத்தும் நோய் வளர்ந்தவர்களுக்கானது. ஆக ஒவ்வொரு சிகிச்சையும் ஒரு கதவைச் சாத்தி இன்னொன்றைத் திறக்கும். தொடங்கும் முன், "இதை எடுத்தால் எந்த ஆய்வுக்குத் தகுதி போகும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆக்டினியம் என்றதும் டெல்லி எய்ம்ஸ் நினைவுக்கு வரும். 32 பேருக்குக் கொடுத்த முதல் அனுபவத்தை அவர்கள் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. நம்பிக்கை தரும் வேலைதான். ஆனால் அதில் ஒப்பீட்டுக் குழு கிடையாது; அதனால்தான் இப்போது பெரிய ஆய்வு நடக்கிறது. லுட்டீஷியம் டிராம்பேயின் துருவா உலையில் நம் நாட்டிலேயே தயாராகிறது, நோயாளிகளுக்கும் பஞ்சமில்லை. குழுப் பிரித்து ஒப்பிடும் பெரிய ஆய்வுகள் இங்கே இன்னும் நிறைய நடந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

எங்களை ஒரு ஆய்வுக்குக் கேட்டார்கள். இவளுடைய சிறுநீரக அளவு நிபந்தனைக்குச் சற்று வெளியே இருந்ததால் சேர முடியவில்லை. வழக்கமான சிகிச்சையாகவே, கவனத்தோடு லுட்டீஷியம் ஏற்றினார்கள். சிறுநீரகத்தைக் காக்கக் கூடவே ஏற்றும் அமினோ அமிலத்தில்தான் குமட்டல் அதிகம். வாந்தி மாத்திரையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். சேராவிட்டாலும் அந்த ஒப்புதல் படிவத்தை இருவரும் முழுக்கப் படித்தோம். எந்த மருந்தோடு ஒப்பிடுகிறார்கள், நோய் முன்னேறினால் மறு குழுவுக்கு மாறலாமா, ஸ்கேன் செலவு யாருடையது, ஆய்வு முடிந்த பின் மருந்து தொடருமா என்று இவள் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டுவைத்தாள். 2019இல் வந்த புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை பாதிக்கக் கூடாது. நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் படிவத்திலேயே இருக்கும். கூப்பிட்டுப் பேச நோயாளிக்கு உரிமை உண்டு.

புரியும் மொழியில் படிவம் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க ஒரு பிரதி கேளுங்கள். அதைத் தரத் தயங்குகிற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.