ஆர்.வி.யில் குடியேறுமுன் காப்புறுதியைப் பேசி முடியுங்கள்

ஒஷாவாவுக்குக் கிழக்கே, 401 நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் டார்லிங்டன் அணுமின் நிலையத்தில் 2016 ஒக்ரோபரில் உலைப் புனரமைப்பு தொடங்கியது. நான்கு உலைகள், ஒவ்வொன்றும் ஆண்டுக்கணக்கான வேலை. அந்த வளாகத்திலேயே புதிய சிறிய உலை கட்டவும் ஒன்ராறியோ மாகாண அரசு 2025 மே மாதம் ஒப்புதல் கொடுத்துவிட்டது. இத்தகைய திட்டங்களுக்கு வெல்டர்களும் குழாய் பொருத்துபவர்களும் ஒப்பந்தக் காலத்துக்கு மட்டும் வந்து போவார்கள். ஏஜென்சி மூலம் ஊர் ஊராக மாறும் தாதியர், எங்கிருந்தும் கணினியில் வேலை செய்யக்கூடியவர்கள் என்று இன்னும் பலருக்கும் இதே நிலைதான். டொரொன்டோ பகுதி வாடகையைப் பார்த்துவிட்டு, ‘தங்கும் வசதியுள்ள வண்டி, அதாவது ஒரு ஆர்.வி. வாங்கி அதிலேயே இருந்துவிட்டால் என்ன?’ என்று இவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் வண்டி விலை, எரிபொருள், நிறுத்துமிடக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்த பிறகுதான் பலர் காப்புறுதிக்கு வருகிறார்கள். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வழக்கமான ஆர்.வி. பொலிசி அதை ஒரு வாகனமாகவே கருதுகிறது. உங்களுக்கு வேறெங்கோ வீடு இருக்கிறது, கோடையில் சில வாரம் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவீர்கள் என்ற எண்ணத்தில் போடப்பட்ட விலை அது. வாடகை வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்றே அந்த எண்ணம் பொய்த்துவிடும்.

எனவே தரகரிடம் பேசும்போது விலையைக் கேட்கும் முன் இதைச் சொல்லுங்கள்: “இதுதான் என் ஒரே வீடு. பன்னிரண்டு மாதமும் இதிலேயே இருப்பேன்.” சில கம்பனிகள் உடனே கையை விரிக்கும். விரிக்கட்டும். விபத்துக்குப் பிறகு விரிப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஒன்ராறியோ காப்புறுதிச் சட்டத்தின் 233ஆம் பிரிவின்படி, விண்ணப்பத்தில் முக்கிய விவரத்தைத் தெரிந்தே மறைத்தாலோ திரித்தாலோ இழப்பீடு பெறும் உரிமையை இழக்க நேரிடும். பொலிசி எடுத்த பிறகு வாழ்க்கை மாறினாலும், அதாவது முதலில் விடுமுறைக்கு வாங்கிப் பிறகு குடியேறினாலும், அதை உடனே அறிவிப்பது உங்கள் கடமை. தொலைபேசியில் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். மின்னஞ்சலில் எழுதுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது முகவரி. நம்மவர்களிடம் இதை வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதம் வந்து சேர அக்கா வீட்டு முகவரியைக் கொடுப்பது ஒன்று. பிரீமியம் குறையும் என்பதற்காக, வண்டி நிற்காத ஊரில் நிற்கிறது என்று சொல்வது வேறு. ஒன்ராறியோவில் வாகனம் பெரும்பாலும் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தும் பிரீமியம் மாறும். இரண்டாவது விதம் மேலே சொன்ன 233இல் கொண்டுபோய் நிறுத்தும். சாரதி அனுமதிப்பத்திரத்தில் முகவரி மாறினால் ஆறு நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். மாகாணப் பூங்காக்களில் ஒரே முகாமிடத்தில் தொடர்ந்து அதிகபட்சம் 23 இரவுகள்தான் தங்கலாம் என்பதால் இடம் மாறிக்கொண்டே இருப்பீர்கள். எந்தெந்த மாதம் எங்கே என்ற உத்தேசப் பட்டியலைத் தரகரிடம் கொடுத்துவிடுங்கள்.

இனி பொலிசிக்குள் வருவோம். மூன்றாம் தரப்புப் பொறுப்புக்கு ஒன்ராறியோவில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தொகை 2,00,000 டொலர். ஒரு பெரிய ஆர்.வி. நெடுஞ்சாலையில் மோதினால் ஏற்படக்கூடிய சேதத்துக்கு இது போதவே போதாது. 20 லட்சம் டொலருக்குக் குறையாமல் எடுங்கள். அதோடு குடும்பப் பாதுகாப்புக்கான ஓ.பி.சி.எஃப். 44ஆர் இணைப்பையும் கேளுங்கள். உங்களை இடித்தவரிடம் போதிய காப்புறுதி இல்லாவிட்டால் கைகொடுப்பது அதுதான்.

குடியிருக்கும் ஆர்.வி. பாதி வாகனம், பாதி வீடு. வாகனப் பாதிக்குக் காப்புறுதி தேடுவது எளிது. ஒரு கம்பனியும் ஏற்காவிட்டால், விலை கூடினாலும், ‘ஃபெசிலிட்டி அசோசியேஷன்’ என்ற கடைசி வழி உண்டு. வீட்டுப் பாதிக்கு அப்படி ஒரு வழி இல்லை. வண்டி நின்றுகொண்டிருக்கிறது, பந்தலை விரித்திருக்கிறீர்கள், பார்க்க வந்த நண்பர் படியில் சறுக்கி இடுப்பை உடைத்துக்கொள்கிறார். வீடாக இருந்தால் வீட்டுக் காப்புறுதி பார்த்துக்கொள்ளும். இங்கே யார் பார்ப்பது? முழுநேரக் குடியிருப்போருக்கான தனிநபர் பொறுப்புக் காப்பு உண்டா என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

பொருட்களின் கதையும் அப்படித்தான். வாகனப் பொலிசியின் ‘கொம்பிரிஹென்சிவ்’ பிரிவு வண்டிக்கும் அதன் உபகரணங்களுக்கும்தான். உள்ளே இருக்கும் உடுப்பு, கட்டில் விரிப்பு, மடிக்கணினி, தாலிக்கொடி எதுவும் அதில் அடங்காது. வாடகை வீட்டில் இருந்தபோது குடியிருப்போர் காப்புறுதி அவற்றைக் காத்தது. வீட்டை விட்டதும் அதுவும் போய்விடும். வீட்டுப்பொருள் காப்பைத் தனியாகச் சேர்த்து, நகைக்கு என்ன உச்சவரம்பு என்று பாருங்கள். தொழில் கருவிகளுக்கும் தனி வரம்பு இருக்கும். வெல்டிங் கருவிகளைப் படமெடுத்து, ரசீதுகளோடு வண்டிக்கு வெளியே ஓரிடத்தில் சேமித்து வையுங்கள். மடிக்கணினி அலுவலகத்துடையது என்றால், திருட்டுப் போனால் யார் பொறுப்பு என்பதை நிர்வாகத்திடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

விபத்துக்குப் பிறகு வண்டி ஒரு மாதம் பழுதுபார்க்கும் கடையில் நிற்கும்போது எங்கே படுப்பீர்கள்? வாகனப் பொலிசியில் ‘மாற்றுப் போக்குவரத்து’ என்று வரும் ஓ.பி.சி.எஃப். 20 போக்குவரத்துச் செலவுக்குத்தான், தங்கும் செலவுக்கு அல்ல.   எனவே அவசரத் தங்கல் செலவைத் தனியாகச் சேருங்கள்.

உழைத்துச் சம்பாதிப்பவர் எல்லாரும் கவனிக்க வேண்டியது ஊதிய இழப்புப் படி. வேலைத்தளத்தில் அடிபட்டால் வேலை விபத்துகளுக்கு இழப்பீடு தரும் டபிள்யூ.எஸ்.ஐ.பி. இருக்கிறது. சனிக்கிழமை காலையில், கடைக்குப் போகும் வழியில் அடிபட்டால் வாகனக் காப்புறுதிதான். அதன் வழமையான அளவு மொத்த ஊதியத்தில் 70 சதவீதம், ஆனால் வாரத்துக்கு 400 டொலருக்கு மேல் கிடையாது. முதல் வாரத்துக்கு எதுவும் இல்லை. வாரம் 2,000 டொலர் உழைப்பவருக்கு 70 சதவீதம் என்றால் 1,400 வர வேண்டும், கைக்கு வருவது 400. கூடுதலாகக் கட்டினால் 600, 800, 1,000 என்று உயர்த்திக்கொள்ளலாம். 2026 ஜூலை 1 முதல் எடுக்கும் அல்லது புதுப்பிக்கும் பொலிசிகளில் இந்தப் படியே விருப்பத் தேர்வாகிறது. மருத்துவம், மறுவாழ்வு, பராமரிப்பாளர் உதவி ஆகியவை மட்டும் கட்டாயம். சில டொலரை மிச்சம் பிடிக்க ஊதிய இழப்புப் படியை வெட்டாதீர்கள். ஒப்பந்த ஊழியர் பலருக்கு நோய் விடுப்புச் சம்பளமும் இருக்காது, நிறுவனத்தின் ஊனக் காப்பும் இருக்காது. குடும்பத்துக்குப் பெரிதும் கைகொடுப்பது இதுதான்.

வண்டியின் விலையைப் பற்றி: முற்றாக அழிந்தால் பொதுவாகக் கிடைப்பது தேய்மானம் போன அன்றைய சந்தை மதிப்பு. புது வண்டிக்குத் தேய்மானத்தைக் கழிக்காத ஓ.பி.சி.எஃப். 43ஐயும், நீங்களே செப்பனிட்ட பழைய வண்டிக்கு ஒப்புக்கொண்ட மதிப்பைத் தரும் 19ஏயையும் விசாரியுங்கள். வானை வாங்கிச் சொந்தமாக அடுப்பு, ஹீற்றர், மின்கம்பி போட்டிருந்தால் ஒவ்வொன்றையும் அறிவியுங்கள். உறைந்து வெடித்த தண்ணீர்க் குழாய், துரு, தேய்வு இவற்றுக்கு வாகனப் பொலிசி பணம் தராது. ஒஷாவாவின் ஜனவரியில் இது சிறிய விஷயம் இல்லை. அனுமதிப்பத்திரத்தையும் சரிபாருங்கள்: 11,000 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு ‘ஜி’ அனுமதிப்பத்திரம் போதாது, ‘டி’ வகுப்பு வேண்டும்.

குளிருக்குத் தப்பித் தெற்கே போவதாக இருந்தால், ஒன்ராறியோ வாகனப் பொலிசி கனடாவிலும் அமெரிக்காவிலும் செல்லும், மெக்சிகோவில் செல்லாது. மாகாண மருத்துவக் காப்பான ஓஹிப்பைத் தக்கவைக்க எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாட்கள் மாகாணத்துக்குள் இருக்க வேண்டும். வெளிநாட்டு மருத்துவமனையில் படுத்தால் ஓஹிப் தருவது அதிகபட்சம் நாளொன்றுக்கு 400 டொலர். பயணக் காப்புறுதி இல்லாமல் எல்லையைத் தாண்டாதீர்கள்.

ஒரே கம்பனியின் முகவரைவிட, பல கம்பனிகளோடு வேலை செய்யும், தரகர்களை ஒழுங்குபடுத்தும் ரிபோவில் பதிவான தரகர்தான் இதற்கு ஏற்றவர் என்பது என் கருத்து. தமிழில் பேசுபவர் கிடைத்தால் நல்லது, ஆனால் ஆர்.வி. அனுபவம் இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள்.

ஒன்ராறியோவில் மாத வாடகைக்கு இருப்பவர் வீட்டைக் காலி செய்ய 60 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். ‘முழுநேரக் குடியிருப்பு’ என்று எழுதிய பொலிசி கைக்கு வந்த பிறகே அந்த நோட்டீசைக் கொடுங்கள்.