மொபைல் ஃபேஸில் கிருமி: எதைப் போடுவது, எதைத் தவிர்ப்பது?

"எச்.பி.எல்.சி.யில் பிரஷர் ஏறிக்கொண்டே போகுது சார்" என்று வந்து நிற்கும் ப்ராஜெக்ட் மாணவர்கள் பெரும்பாலும் மருந்தையும் முடிவு செய்துகொண்டே வருகிறார்கள்: சோடியம் அசைடு. பக்கத்து லேபில் போடுகிறார்கள், சீனியர் அண்ணா சொன்னார். வீட்டில் சொன்னார்கள் என்று படிப்பைத் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் ரசாயனத்தையும் அப்படியே தேர்ந்தெடுப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

பஃபரை அன்றன்று தயாரிப்பது, 0.45 அல்லது 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிப்பது, பாட்டிலை வெயில் படாமல் வைப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். பழைய பஃபரின் மேல் புதியதை ஊற்றாதீர்கள். அடியில் கிடக்கும் ஒரு விரற்கடை மிச்சமே கிருமிக்கு விதைநெல்.

அசைடுக்கு வருவோம். 0.02 முதல் 0.05 சதவீதம் வரை போடுவார்கள். அது கிருமியைக் கொல்வதைவிட வளரவிடாமல் தடுப்பதே அதிகம். லாக்டிக் அமில பாக்டீரியா அதைத் தாங்கும். ஏற்கெனவே உட்சுவரில் படிந்த வழவழப்பை அது கரைக்காது. 210 நானோமீட்டர் பக்கம் அளந்தால் அதுவே ஒளியை உறிஞ்சி பேஸ்லைனை உயர்த்தும். இவற்றையெல்லாம்கூடப் பொறுக்கலாம். அமிலம் பட்டால் ஹைட்ரசோயிக் அமிலம் உண்டாகும்: கொடிய நஞ்சு, எளிதில் ஆவியாகும், வெடிக்கவும் செய்யும். சிங்க்கில் ஊற்றினால் செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கக்கூடிய உலோக அசைடுகள் உருவாகும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த மொபைல் ஃபேஸும் மற்றதும் ஒரே கழிவு கேனில் விழும் லேபில் இதையா போடுவது? புரதங்களைப் பிரிக்கும் குழாயை நெடுநாள் மூடி வைக்க, அதன் கையேடே சொன்னால் மட்டும் போடுங்கள்.

நான் சாய்வது கரிமக் கரைப்பான் பக்கம். நீர் பாட்டிலில் 5 முதல் 10 சதவீதம் அசிட்டோநைட்ரைலோ மெத்தனாலோ இருந்தால் வளர்ச்சி அநேகமாக அடங்கிவிடும். கிரேடியன்ட்டை அதற்கேற்பத் திருத்த வேண்டும். ஏற்கெனவே கெட்ட கருவியில், பிரிப்புக் குழாயைக் கழற்றிவிட்டு முதலில் வெறும் நீர், பிறகு 70 சதவீத ஐசோபுரொபனால் ஓட்டுங்கள். நீரைத் தவிர்த்தால் பாஸ்பேட் உப்பு உள்ளேயே படிந்து செக் வால்வைக் கெடுக்கும். ஐசோபுரொபனால் கெட்டியானது, ஓட்டத்தைக் குறைத்து வையுங்கள். நைட்ரிக் அமிலம் கடைசி வழி, ஆல்கஹால் மிச்சத்தோடு சேரவே கூடாது. பிளீச் ஸ்டீலை அரிக்கும்.

பிரஷர் எண்ணைப் பார்த்தபடி அரை நாள் உட்காரும் பொறுமையும், அடைப்பு எங்கே என்று ஒவ்வொரு பாகமாகத் தேடும் ஆர்வமும் இருப்பவர்களுக்கே இந்த வேலை. அவை இல்லையென்றால் வேதியியலில் வேறு நல்ல மேசைகள் இருக்கின்றன. ஊர் சொல்கிறதென்று இங்கே வர வேண்டாம்.

தேடலை இன்லெட் ஃபில்டரில் தொடங்குங்கள். பம்பை நிறுத்தி, பாட்டிலிலிருந்து வரும் குழாயைப் பம்ப் முனையில் கழற்றித் தாழ்த்திப் பிடியுங்கள். தாரையாக வழிந்தால் ஃபில்டரில் குறையில்லை. சொட்டுச்சொட்டாக வந்தால் அதை மாற்றிய பிறகே பம்பைத் திறக்க வேண்டும்.