செம்படவர் குடியிருப்பும் சர்வகலாசாலையும்

ஒரு சர்வகலாசாலை தன்னைச் சூழ்ந்து வாழும் மக்களுக்கு யாது கடன்பட்டுள்ளது என்னும் வினாவிற்குக் கனடா தேசத்து நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், அண்டிகோனிஷ் என்னும் சிற்றூர் அளித்த விடை ஆராயத்தக்கது. அங்குள்ள சர்வகலாசாலை புனித சவேரியார் பெயரைத் தாங்கியது. 1542இல் நம் முத்துக்குளித்துறைப் பரதவரிடை வந்து ஊழியம் புரிந்த சவேரியாரே அவர். 1853இல் தோன்றிய அக்கலாசாலை, தன் பெயருக்கேற்பச் செம்படவரிடம் சென்று சேர முக்கால் நூற்றாண்டு பிடித்தது!

அதன் உபதலைவராயிருந்த ஜேம்ஸ் டாம்கின்ஸ் குருவானவர், அறிவைச் சாமானிய ஜனங்களிடம் கொண்டு செல்லல் வேண்டுமென 1921இல் சிறுநூலொன்று வெளியிட்டார். கலாசாலைகளை ஒன்றாக இணைப்பது பற்றிய விவாதத்தில் மேலோரோடு மாறுபட்டமையால், 1922ஆம் ஆண்டின் இறுதியில் கான்ஸோ என்னும் மீன்பிடி ஊருக்கு அனுப்பப்பட்டார். தண்டனைபோல் வந்த அம்மாற்றமே, அவர் எழுதியதன் பொருளை அவருக்கு முற்றும் உணர்த்தியது எனலாம். கடலோடு போராடிச் சிங்கி இறால் பிடிப்பவன் அதற்கு விலை கூறும் உரிமையற்றவன். விலை வகுப்பவன் வியாபாரி. வேண்டும் பண்டங்களைக் கடனாகத் தருபவனும் அவனே. 1927 ஜூலை 1ஆம் நாள் கனடா தன் ஐக்கியத்தின் அறுபதாம் ஆண்டைக் கொண்டாடுகையில், தாங்கள் கொண்டாடுதற்கு யாதுளது என்று கான்ஸோச் செம்படவர் கூடிக் கேட்டனர். அரசாங்கம் விசாரணைக் குழுவொன்றை நியமித்தது. மறு ஆண்டே கலாசாலையும் புறமக்கட்கெனக் கல்விப் பகுதியொன்றை ஏற்படுத்தி, மோஸஸ் கோடி குருவானவரை அதற்குத் தலைவராக்கிற்று.

அவர் கையாண்ட முறையே நாம் ஊன்றி நோக்கற்பாலது. முதலில் ஊரைக் கூட்டிப் பேசுவர். பின்னர் அயலவர் சிலர் சிலராய்ச் சிறு குழுக்களாகி, ஒருவர் வீட்டு அடுப்பங்கரையில் வாரந்தோறும் கூடுவர். கலாசாலை துண்டுப்பிரசுரங்களை அனுப்பும். குழுத்தலைவனோ அவ்வூரானே, பட்டம் பெற்றவனல்லன். அவர்கள் பயின்றது கற்பனைப் பாடமன்று. தாம் விற்ற மீன் நகரத்தில் என்ன விலை பெறுகிறது, இடையில் எத்தனை கை மாறுகிறது என்று கணக்கிட்டனர். கணக்குத் தெளிந்தபின் கைகள் தாமே இயங்கின. லிட்டில் டோவர் என்னும் வறிய குடியிருப்பினர், சிங்கி இறாலைத் தகரத்தில் அடைக்கும் சாலையொன்றைத் தாமே கட்டிக்கொண்டனர். 1932இல் மாகாணச் சட்டம் இடந்தரவே, ஐக்கிய நாணயச் சங்கங்கள் எழுந்தன. ரிஸர்வ் மைன்ஸ் என்னுமிடத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர், வீடமைக்கும் வகையைக் குழுவாகப் பயின்று, 1938 அளவில் 11 வீடுகளை எழுப்பி, அக்குடியிருப்புக்கு டாம்கின்ஸ் பெயரையே இட்டனர்.

குறையும் இல்லாமலில்லை. கூட்டுறவு விலையைத் திருத்திற்று. கடலைக் காக்க அதனால் இயலவில்லை. காட் என்னும் மீன் அருகிப்போய், 1993இல் கிழக்கு நோவா ஸ்கோஷியாக் கடலில் அதனைப் பிடித்தலே தடுக்கப்பட்டது. மீனின் விலையைக் கற்பித்தவர் மீனின் பெருக்கத்தையும் உடன் கற்பித்திருக்கலாகாதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆயினும் நாணயச் சங்கங்கள் அம்மாகாணத்தில் இன்றும் நடைபெறுகின்றன. கோடி மறைந்த 1959ஆம் ஆண்டிலேயே அவர் பெயரால் அக்கலாசாலையில் நிலையமொன்று தொடங்கி, நம் நாட்டினர் உள்ளிட்ட பல தேசத்தார்க்கும் இம்முறையைப் பயிற்றி வருகிறது.